தோன் லிசாந்த்ரோவின் பெட்டியும் எழுநூற்றைம்பது அல்ஃபஹோரும்

எங்கள் ஊர் கொலோனியா பால்பினாவில் தகர வேலைக்கு ஒரே ஆள் நசரேனோ பெராசி. கூரைத் தூம்பு, பால் கேன், மாவு அளக்கும் படி, தேவாலய மணிக்கூண்டின் ஒழுகும் தொப்பி என்று ஊரில் எங்கெல்லாம் தகரம் உண்டோ அங்கெல்லாம் அவன் கை பட்டிருக்கும். முப்பது வருஷமாகச் சுத்தியல் சத்தத்திலேயே இருந்ததில் இடது காது மந்தமாகிவிட்டது. அவன் மனைவி டெல்மிரா திட்ட வேண்டுமென்றால் வலது பக்கம் சுற்றி வந்து நின்றுகொண்டுதான் ஆரம்பிப்பாள். பாராட்டுவதென்றால் இடது பக்கம் நின்றே சொல்லிவிடுவாள்.

டெல்மிரா அல்ஃபஹோர் செய்கிறவள். மெல்லிசான மூன்று பிஸ்கட்டுகளை அடுக்கி, நடுவில் பால்பாகு தடவி, மேலே வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு கொடுத்துக் காயவைப்பது எங்கள் ஆற்றங்கரைப் பக்கத்து வழக்கம். பாலும் சர்க்கரையும் அரை நாள் சுண்டிப் பழுப்பாகித் திரண்டு வருவதுதான் அந்தப் பாகு. செய்வதற்குப் பொறுமை வேண்டும், வைத்திருப்பதற்கோ அதைவிடப் பொறுமை வேண்டும். இறுக்கிப் பிடித்தால் நொறுங்கும். வெயில் பட்டால் பாகு வெளியே நடந்து வரும். பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் மறுநாள் அதன் வாடையை வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட ஈரக்காற்றுதான் அதற்கு எமன். எங்கள் ஊரோ ஆற்றுக்கும் சதுப்புக்கும் நடுவில் கிடக்கிறது. வடகாற்று அடிக்கிற நாட்களில் தரை வியர்க்கும், தீக்குச்சி பற்றாது, உப்பு ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு பருக்கை விழாது. அப்படிப்பட்ட நாளில் ஒரு அல்ஃபஹோரை மேசையில் வைத்துவிட்டு ஒரு குவளை மாத்தே இலைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அதன் வெள்ளைப் பூச்சு கண்ணீர் விட ஆரம்பித்துவிடும்.

இருவரும் பழகியதே அந்தக் கண்ணீரால்தான். டெல்மிராவுக்கு அப்போது பத்தொன்பது வயது. நசரேனோவிடம் வாங்கிய டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறை மேசையில் டங்கென்று வைத்தாள்.

"உன் டப்பா வேர்க்குது. உள்ள இருந்த மூணு டஜனும் ஒண்ணா ஒட்டிப்போச்சு."

நசரேனோ மூடியைத் திறந்து பார்த்தான், விரலால் உள்பக்கம் தடவினான், மோந்தான். "டப்பா வேர்க்கல. நீ ஆறுறதுக்கு முன்னாடி மூடியிருக்க. சூடு உள்ள போய் மாட்டிக்கிட்டா வேற என்ன செய்யும், அழத்தான் செய்யும்."

அது உண்மை. அதனாலேயே அவள் மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. நாலாவது மாதம் அவன் ஒரு புது டப்பா செய்து அனுப்பினான். மூடியின் விளிம்பு இரண்டு மடிப்பாக மடிந்து, அழுத்தினால் புஸ்ஸென்று காற்று வெளியேறி உட்கார்ந்துகொள்ளும். டெல்மிரா அதில் மெழுகுத்தாள் விரித்து, அடுக்குக்கு அடுக்கு தாள் வைத்து, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து மூலையில் போட்டு மூடினாள். பன்னிரண்டு நாள் கழித்துத் திறந்தபோது கடித்தால் கறுக்கென்று சத்தம் வந்தது. அடுத்த வருஷம் கல்யாணம்.

கல்யாணமான பிறகுதான் அந்த டப்பாவின் ஒரே குறை தெரிந்தது. எறும்பு நுழையவில்லை, ஈரம் நுழையவில்லை, நசரேனோ நுழைந்தான். மத்தியானத் தூக்கம் முடிந்து பட்டறைக்குப் போகும் வழியில் ஒன்று, திரும்பி வரும் வழியில் ஒன்று. எடுத்த இடம் தெரியாமல் மீதியைப் பரப்பி அடுக்குவதில் அவனுக்கு நல்ல தேர்ச்சி.

"ஈ எறும்பு புகாத டப்பா செய்யத் தெரியுது உனக்கு. உன் கை புகாத டப்பா ஒண்ணு செய்யத் தெரியல," என்றாள் டெல்மிரா, வலது பக்கம் நின்று.

அவள் வருத்தப்பட்டது எண்ணிக்கைக்காக மட்டும் இல்லை. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போகிறது. ஒன்றைத் தின்றவன் மீதி முப்பத்தைந்தையும் கெடுக்கிறான். நசரேனோவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அன்று முதல், வெளியூர் ஆர்டருக்குப் போகும் டப்பாக்களின் மூடியைச் சுற்றி ஈயம் பற்றவைத்து அடைத்துவிட்டான். வாங்கியவர்கள் கத்தியால் கீறித் திறக்க வேண்டும். ஒரு வாரம் வீட்டில் நிம்மதி. பிறகு டெல்மிராவுக்கு உறைத்தது, பற்றவைக்கத் தெரிந்தவனுக்குப் பிரிக்கவும் தெரியும், திரும்பப் பற்றவைக்கவும் தெரியும். அதனால் ஈயம் ஆறுவதற்குள் தன் தையல் விரலுறையை அதில் அழுத்தி முத்திரை வைக்க ஆரம்பித்தாள். நசரேனோ ஒரு தடவை அந்த விரலுறையைத் தேடி அவளுடைய தையல் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். பொத்தான் தேடினேன் என்றான். அவன் போட்டிருந்த சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தது.

இப்படியே இருபத்தைந்து வருஷம் ஓடியது. பிறகு ஊரின் நூற்றாண்டு விழா வந்தது.

நவம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சதுக்கத்தில் விருந்து. சுற்றுவட்டாரம் முழுக்க அழைப்பு. ஊராட்சித் தலைவர் டெல்மிராவிடம் ஆயிரத்து இருநூறு அல்ஃபஹோர் கேட்டார். அவளுடைய விறகடுப்பில் ஒரு நாளைக்கு நூற்றிருபதுக்கு மேல் வராது. பத்து நாள் முன்னால் தொடங்கியாக வேண்டும், தொடங்கியதைக் கெடாமல் பத்து நாள் வைத்திருந்தாக வேண்டும். நாலாவது நாளே வீட்டில் இருந்த டப்பா எல்லாம் தீர்ந்துபோயிற்று.

ஊரில் அவர்கள் கொடுத்த டப்பா நூற்றுக்கு மேல் இருக்கும். டெல்மிரா வீடு வீடாகத் திரும்பக் கேட்டுப் போனாள். ஒரு வீட்டில் அதற்குள் நூல்கண்டும் ஊசியும் இருந்தது. இன்னொரு வீட்டில் ஆணி. தபால்காரர் வீட்டில் தூண்டில் முள்ளும் புழுவும். ஆசிரியையின் அம்மா தன் காலம் சென்ற கணவரின் பல்செட்டை அதில் வைத்திருந்தார், எடுத்து வேறெங்கே வைப்பது என்று கேட்டுக் கண் கலங்கினார். டெல்மிரா வெறுங்கையோடு வந்தாள்.

புது டப்பா செய்யலாமென்றால் தகடு இல்லை. சாந்தா ஃபேயிலிருந்து தகடு ஏற்றி வந்த லாரி, மழையில் கரைந்த மண்சாலையில் அச்சு வரை புதைந்து நின்றது. அதோடு வடகாற்றும் பிடித்துக்கொண்டது. சமையலறைச் சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது.

"இன்னும் எழுநூத்தம்பது வரணும்," என்றாள் டெல்மிரா. "எதுல வைக்கறது? உன் தொப்பியிலயா?"

நசரேனோ நேராக எல்வியோவின் பட்டறைக்குப் போனான். எல்வியோ அவனோடு ஒரே வகுப்பில் படித்த நண்பன். நாற்காலி, மேசை செய்யும் தச்சன், சவப்பெட்டியும் அவனேதான், சவ வண்டியும் அவனுடையதுதான். மரம் காயவேண்டும் என்பதற்காகப் பட்டறையின் பின்னறையில் எப்போதும் அடுப்பு மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். ஊரில் உப்பு கொட்டுகிற ஒரே அறை அது. அங்கே சுவரோரமாக, ஜூலையில் நசரேனோ தன் கையாலேயே செய்து கொடுத்த துத்தநாகப் பெட்டி நின்றது. கல்லறை மாடத்தில் வைக்கிற சவப்பெட்டிக்குள் இப்படி ஒரு உலோகப் பெட்டி வைத்துப் பற்றவைத்து மூட வேண்டும். இது ஊரே மரியாதையாகத் தோன் என்று அழைக்கும் பண்ணைக்காரக் கிழவர் லிசாந்த்ரோவுக்காகச் செய்தது. இரண்டு மீட்டர் நீளம், அகலமும் அதற்கேற்றாற்போல. தோன் லிசாந்த்ரோ செப்டம்பர் வசந்தத்தைப் பார்க்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன்கள் ரொசாரியோவிலிருந்து வந்து மூன்று வாரம் காத்திருந்து, அப்பா சாகாததால் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். பெட்டி நின்றுவிட்டது.

"இதைக் கொஞ்ச நாளைக்குக் கொடுடா."

எல்வியோ நிமிர்ந்து பார்த்தான். "எதுக்கு?"

நசரேனோ சொன்னான். எல்வியோ இழைப்புளியைக் கீழே வைத்தான். "உனக்கு மூளை கழண்டுபோச்சு."

"புதுப் பெட்டி. ஒருத்தரும் படுக்கல. உலர்ந்த அறை. ஒரு பொட்டுக் காத்து போகாது, நானே செஞ்சது."

"டெல்மிராவுக்குத் தெரியுமா?"

"நீ சொல்லேன்."

இரண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னார்கள். டெல்மிரா முதலில் அடுப்புப் பிடிதுணியை வீசினாள். பிறகு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள், உள்ளே தலையை விட்டு மோந்தாள், அந்த அறையில் இருந்த உப்பு ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தாள். உப்பு சரசரவென்று கொட்டியது. அதில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உதிர்த்துப் பார்த்தாள்.

"மூணு தடவை கழுவணும். வினிகர் போட்டு. அப்புறம் இந்த விஷயம் நம்ம மூணு பேரைத் தாண்டக் கூடாது."

கழுவினார்கள், காயவைத்தார்கள், மெழுகுத்தாள் விரித்தார்கள். தினமும் சுட்டு, பூசி, காயவைத்து, நன்றாக ஆறவிட்டு, ரொட்டிக் கூடையில் மூடி எடுத்துவந்து அடுக்கினாள். எழுபத்தைந்துக்கு ஒரு தாள். கால்மாட்டில் இரண்டு முடிச்சு, தலைமாட்டில் இரண்டு முடிச்சு வறுத்த அரிசி. வெள்ளிக்கிழமை காலை கடைசி அடுக்கும் முடிந்தது. நசரேனோ மூடியை வைத்துச் சுற்றிலும் ஈயம் பற்றவைத்தான். டெல்மிரா எட்டு இடத்தில் விரலுறையை அழுத்தினாள்.

அன்று மத்தியானம் எல்வியோ மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"தோன் லிசாந்த்ரோவுக்கு முடியலையாம். பாதர் போயிருக்காரு. மருமக ஆளனுப்பியிருக்கா, பெட்டியத் தயாரா வைக்கச் சொல்லி."

டெல்மிரா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே வடகாற்று ஜன்னல் கண்ணாடியை நனைத்துக்கொண்டிருந்தது. இப்போது திறந்து வெளியே எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கொடுப்பது எழுநூற்றைம்பது ஒட்டுப்பசைதான்.

"நாளன்னிக்கு வரைக்கும் தாங்கச் சொல்லு," என்றாள்.

"யாரை?"

"அவரைத்தான். போய்ப் பேசு, நசரேனோ. உன் யோசனைதானே இது."

அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போனான். கதவைத் திறந்த மருமகள் கிளெலியாவின் கண் சிவந்திருந்தது. "சத்தமில்லாம பேசுங்க. பாதர் இப்பத்தான் போனாரு."

பெரிய கட்டிலில் தோன் லிசாந்த்ரோ கண்ணை மூடிப் படுத்திருந்தார். தொண்ணூற்றொரு வயது. மீசை மட்டும் இன்னும் விறைப்பாக இருந்தது.

"யாரது?"

"நசரேனோ. தகர வேலை."

"அளவெடுக்க வந்தியா? அதான் ஜூலையிலயே எடுத்துட்டியே."

"இல்ல தோன் லிசாந்த்ரோ. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு."

"என் பெட்டி தயாரா?"

நசரேனோவுக்கு நம்பும்படி பொய் சொல்ல வராது, அதுதான் வீட்டிலும் அவனுடைய பிரச்சினை. "தயார்தான். ஆனா இப்போதைக்கு காலியா இல்லை."

கிழவர் ஒரு கண்ணைத் திறந்தார். "யாரு உள்ள?"

"யாரும் இல்ல. அல்ஃபஹோர்."

கிளெலியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். கிழவர் இன்னொரு கண்ணையும் திறந்தார்.

"எத்தனை?"

"எழுநூத்தம்பது."

"டெல்மிரா செஞ்சதா, இல்ல அந்த பேக்கரிக்காரன் செஞ்சதா?"

"டெல்மிரா."

"எனக்கு டாக்டர் ரெண்டு வருஷமா ஒண்ணுகூட விடல," என்றார் தோன் லிசாந்த்ரோ. "இங்க நான் கஞ்சித் தண்ணி குடிக்கறேன், என் பெட்டிக்குள்ள எழுநூத்தம்பது. எப்ப திறக்கறீங்க?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம். சதுக்கத்துல. இப்ப திறந்தா ஈரம் ஏறிடும், அதனால, அதுவரைக்கும்..." நசரேனோ தொப்பியைத் திருகினான்.

"அதுவரைக்கும் சாகாம இருன்னு சொல்ல வந்திருக்க."

"அப்படியெல்லாம் சொல்வேனா. உங்க வசதி எப்படியோ அப்படி."

கிழவரின் வயிறு போர்வைக்குள் குலுங்கியது. இருமல் வந்துவிட்டதென்று கிளெலியா ஓடி வந்தாள், பார்த்தால் சிரிப்பு.

"ஒண்ணாவது கொண்டுவந்தியா?"

"எல்லாம் உள்ள. மூடியாச்சு."

"சாகக் கிடக்கிறவனைப் பார்க்க வெறுங்கையோட வந்திருக்கான் பார். போ, போ. கிளெலியா, சூப்பு ஏதாவது இருக்கா? மாட்டெலும்பு போட்டுச் செய். எனக்கு ஞாயித்துக்கிழமை வேலை இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை அடுத்த சிக்கல் வந்தது. பெட்டியை எல்வியோவின் பட்டறையிலிருந்து சதுக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மாட்டுவண்டியில் ஏற்றினால், அந்தக் குண்டும் குழியுமான தெருவில் போய்ச் சேரும்போது தூள்தான் மிஞ்சும். ஊரில் வில் வைத்த வண்டி ஒன்றுதான், குலுங்காமல் போகும். அது எல்வியோவின் கறுப்புச் சவ வண்டி.

டெல்மிரா பெட்டி மேல் வெள்ளை மேசைவிரிப்பு போர்த்தினாள். அதனால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. வண்டி முக்கிய வீதியில் திரும்பியதும் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் சிலுவை போட்டார்கள். இரண்டு கிழவிகள் பின்னாலேயே ஜெபமாலையோடு நடந்து வந்தார்கள். எல்வியோவும் பழக்க தோஷத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே குதிரையை ஓட்டினான். சதுக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த வாத்தியக்குழு வண்டியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டது.

ஊராட்சித் தலைவர் முன்னால் வந்தார். "யாருங்க தவறிட்டாங்க? இன்னிக்குப் போயா?"

"யாரும் தவறல," என்றாள் டெல்மிரா. "உங்க ஆர்டர்தான்."

விரிப்பை எடுத்தார்கள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அந்த அளவை ஊரே அறியும். "அது தோன் லிசாந்த்ரோ பெட்டி இல்ல?" என்று யாரோ கேட்டார்கள். நசரேனோ யாரையும் பார்க்காமல் தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து ஈயத்தைக் கீறினான். அதுவரை எட்டு முத்திரையும் முழுசாக இருந்தன. மூடியைத் தூக்கியதும் வனிலாவும் எலுமிச்சைத் தோலும் கலந்த வாசனை எழுந்தது. வரிசை வரிசையாக வெள்ளையாக, காய்ந்து, மினுமினுத்துக்கொண்டு படுத்திருந்தன. எடுக்க ஒரு கை நீளவில்லை.

டெல்மிராவின் கழுத்து சிவந்தது. பத்து நாள் தூக்கம் கெட்டு அடுப்பில் வெந்தவள். நசரேனோ வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிரே எழுநூற்றைம்பது அல்ஃபஹோர் இருந்தும் ஒன்றுகூட எடுக்கத் தோன்றாமல் நின்றான்.

அப்போது தேவாலயப் பக்கமிருந்து ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. கிளெலியாவும் பண்ணையாள் ஒருவரும் சேர்ந்து தோன் லிசாந்த்ரோவை நாற்காலியோடு இறக்கினார்கள். கோட்டு, டை, மேலே கம்பளி. கூட்டம் விலகி வழிவிட்டது. நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவர் குனிந்து உள்ளே பார்த்தார், நீளத்தைக் கண்ணால் அளந்தார்.

"இடம் நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "என்ன நிக்கறீங்க? பெட்டி என்னோடது. நான் இன்னும் குடிபோகல. வாடகைக்கு விட்டிருக்கேன்."

தலைமாட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். அந்த அமைதியில் கறுக்கென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது, நசரேனோவின் இடது காதுக்குக்கூட. மெதுவாக மென்றார். மீசையில் சர்க்கரை ஒட்டியது.

"பாகு கொஞ்சம் கம்மி," என்றார்.

"பெட்டி உங்களது, பாகு என்னுது," என்றாள் டெல்மிரா. "கம்மின்னா வச்சிடுங்க."

அவர் வைக்கவில்லை. கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் பக்கத்தில் வந்தார்கள், பக்கத்தில் வந்தவர்கள் கை நீட்டினார்கள். ஜெபமாலையோடு வந்த இரண்டு கிழவிகள்தான் முதலில் வந்தவர்கள், ஆளுக்கு இரண்டு. ஒரு மணி நேரத்தில் கால்மாட்டு அரிசி முடிச்சு வரை காலி. டப்பாக்களில் இருந்த மற்ற நானூற்றைம்பதில், ஆசையில் அடிக்கடி திறந்து பார்க்கப்பட்ட இரண்டு டப்பா பிசுபிசுத்துப்போயிருந்தது. பெட்டியில் இருந்ததில் ஒன்றுகூட அழவில்லை. தலைவர் நூற்றாண்டு உரையில் முன்னோர்களைப் பற்றிப் பேசினார், அல்ஃபஹோரைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் கோட்டுப் பை உப்பியிருந்தது.

மறுநாள் டெல்மிரா பெட்டியை வெந்நீரும் வினிகரும் விட்டுக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். தோன் லிசாந்த்ரோ மேலும் பதினாலு மாதம் இருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளெலியா அவருக்கு ஒரு அல்ஃபஹோர் வாங்கிப் போவாள். கொடுக்கக் கூடாதென்று சொன்ன டாக்டரும் அவர் வீட்டுக்கு வரும்போது ஒன்று சாப்பிட்டுத்தான் போவார். கடைசியில் ஒரு ஜனவரி மத்தியானம், சாப்பிட்டுத் தூங்கியவர் மாத்தேக்கு எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

ஒரு டஜன் தன்னோடு வைக்கச் சொல்லியிருந்தார் என்று கிளெலியா வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். டெல்மிரா சற்று யோசித்தாள்.

"ஆறு வைக்கறேன். மீதி ஆறு ராத்திரி முழிச்சு உட்கார்ந்தவங்களுக்கு. அவங்களுக்கும் பசிக்கும்ல."

நசரேனோ அதற்காகத் தட்டையாக ஒரு சின்ன டப்பா செய்தான். நடுவில் மெழுகுத்தாள் வைத்து, ஓரமெல்லாம் மடித்து, கிழவரின் கால் பக்கம், ஈயத்தின் சூடு எட்டாத இடமாகப் பார்த்து வைத்தான். இரண்டு தடவை இடம் மாற்றினான்.

"எதுக்குடா இவ்வளவு பார்க்கற?" என்று எல்வியோ காதோரம் கேட்டான். "திறந்து பார்க்கவா போறாரு?"

"சூடு பட்டா பாகு இளகிடும்," என்றான் நசரேனோ. மூடியை வைத்து, தலைமாட்டில் ஆரம்பித்து, அவசரப்படாமல் சுற்றிலும் பற்றவைத்துக்கொண்டே வந்தான். மகன்கள் நின்று பார்த்தார்கள். வேலை முடிந்ததும் விரல் நகத்தால் ஓரம் முழுக்கத் தட்டிக் கேட்டான், ஓரிடத்தில் இன்னும் ஒரு சொட்டு ஈயம் வைத்தான்.

அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது தெற்கே கருமேகம் திரண்டிருந்தது. பள்ளிக்கூடத் தூம்பு போன வாரமே பிய்ந்து தொங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நசரேனோ கறுப்புக் கோட்டைக் கழற்றி டெல்மிராவிடம் கொடுத்துவிட்டு, ஏணி எடுக்க வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தான்.